கோஸ் பேசவில்லை

உலைக்காரர்: என்னம்மா இது... காதைக் கிழிக்குது. எங்கயாச்சும் தீப்பிடிச்சிருச்சா?

நாத்தனார்: தீயும் இல்ல, புகையும் இல்லண்ணே. கதவை ரெண்டு நிமிஷம் திறந்து வெச்சா இந்தச் செடி வளர்ப்பறை இப்படித்தான் கத்தும். நீங்க அந்தப் பெரிய தட்டைத் தூக்கி வண்டியில வைங்க.

அண்ணி: வைக்காதீங்கண்ணே.

நாத்தனார்: அண்ணி... நீங்க விதை அறையில இல்ல இருந்தீங்க?

அண்ணி: விதை அறை வரைக்கும் கேக்குது இந்த அலாரம். கதவைச் சாத்து முதல்ல. செடிங்களுக்குச் சூடு ஏறுது.

நாத்தனார்: அரை மணி நேரத்துல உலைக்குப் போற செடிக்குச் சூடு ஏறினா என்ன?

அண்ணி: போகும்போது பார்த்துக்கலாம். சாத்து.

உலைக்காரர்: அப்பாடா... நின்னுது. இப்பதான் என் பேச்சு எனக்கே கேக்குது. யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்கம்மா. தூக்கவா, வேணாமா?

நாத்தனார்: தூக்குங்க.

அண்ணி: வேணாம்.

உலைக்காரர்: சரியாப் போச்சு. எங்க வீட்டுலயும் இதே கதைதான்...

நாத்தனார்: அண்ணி, இது டைரக்டர் அம்மா போட்ட உத்தரவு. பத்தரைக்கு எரிச்சு முடிக்கணும். பதினொண்ணுக்கு அறையைத் தக்காளிக் குழுவுக்குக் கொடுக்கணும். எரிக்கும்போது ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவ பக்கத்துல நிக்கணும்னு விதி. அதான் வந்தேன். நீங்க வரணும்னு விதி இல்ல.

அண்ணி: அடேங்கப்பா. நாலு நாளா வாயைத் திறக்காதவ ஒரே மூச்சுல எவ்வளவு பேசிட்ட.

நாத்தனார்: நான் எங்க பேசாம இருந்தேன்? நீங்கதான்...

அண்ணி: பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'உப்பு வேணுமான்னு உங்க அம்மாவைக் கேளு'ன்னு என் பொண்ணை விட்டுக் கேட்டது யாரு?

நாத்தனார்: வீட்டுல ஆபீஸ் பேச்சு கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காரு.

அண்ணி: உப்பு ஆபீஸ் பேச்சா?

உலைக்காரர்: ஓ... ரெண்டு பேரும் ஒரே வீடா?

அண்ணி: எங்க வீட்டுக்காரரோட தங்கச்சிண்ணே இவ. வீட்டுல நான் மூத்தவ. இந்தக் கட்டடத்துக்குள்ள வந்துட்டா இவ பரிசோதனை ஆபீசர், நான் பூவுக்குப் பூ மகரந்தம் தடவுற கைவேலைக்காரி.

உலைக்காரர்: அது சரி... இந்தச் செடிங்க என்ன குத்தம் பண்ணுச்சு? பச்சைப் பசேல்னு நல்லாத்தானே நிக்குது.

நாத்தனார்: செடி மேல குத்தம் இல்லண்ணே. கலப்புச் செடின்னு சொல்லி வளர்த்தாங்க. பரிசோதிச்சேன். கலப்பு இல்ல.

அண்ணி: கலப்புதான்.

நாத்தனார்: ரிப்போர்ட் எழுதியாச்சு அண்ணி.

அண்ணி: நீ எழுதிட்டா செடி மாறிடுமா? அண்ணே, நீங்களே கேளுங்க. கோஸை ஒரு கறுப்பு அழுகல் நோய் தின்னுது. வயல் வயலா போகுது. கருங்கடுகை அந்த நோய் தொடாது. ரெண்டையும் கலந்தா, நோயைத் தாங்குற ஒரு புது வம்சத்துக்கு அடி போடலாம். ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு லேசுல சேராது. தூரத்துச் சொந்தம்.

உலைக்காரர்: நாய்க்கும் நரிக்கும் கட்டி வெச்ச மாதிரி.

அண்ணி: அதேதான். கோஸ் பூ விரியிறதுக்கு முன்னாடி இடுக்கியால பிரிச்சு, அதோட மகரந்தப்பையை எல்லாம் கிள்ளி எடுத்துட்டு, கடுகு மகரந்தத்தைத் தடவி, காகிதப் பையை மாட்டி, சீட்டுக் கட்டணும். அறுநூறு பூவுக்கு அப்படிச் செஞ்சேன். பொழைச்சு வந்தது இந்தத் தட்டுல இருக்கிற முப்பத்தெட்டு.

நாத்தனார்: முப்பத்தெட்டு கடுகுச் செடி.

அண்ணி: பாத்தீங்களா. ரத்தம் கொதிக்கிற மாதிரி ஒரே வார்த்தையில சொல்லிட்டா.

நாத்தனார்: நான் என்ன ஆசைப்பட்டா சொல்றேன்? இலையில இருந்து எடுத்ததை ஜெல் தகட்டுல ஓட்டினா ரெண்டு கோடு வரணும். மேல வந்தா கோஸ், கீழ வந்தா கடுகு. கலப்புன்னா ரெண்டும் வரணும். உங்க செடியில கீழ்க் கோடு மட்டும் பளிச்சுன்னு நிக்குது. மேல ஒண்ணுமே இல்ல. அப்பன் தெரியுறான், அம்மாவைக் காணோம். அம்மா இல்லாம பிள்ளை எப்படி வரும்?

உலைக்காரர்: வராதே.

நாத்தனார்: வராதுல்ல? அப்ப ஒரே அர்த்தம்தான். விதை மாறிப் போச்சு. கோஸ் காயில எடுத்த விதைக்குப் பதிலா கடுகு விதையைத் தட்டுல போட்டிருக்காங்க. வேணும்னு செஞ்சாங்கன்னு நான் எழுதல அண்ணி. 'தவறுதலாக'ன்னுதான் எழுதினேன்.

அண்ணி: அது உன் பெரிய மனசு. பதினோரு வருஷமா இந்தக் கையால சீட்டுக் கட்டுறேன். ஒரு சீட்டு மாறினது கிடையாது. இன்னிக்கு இந்தத் தட்டு எரிஞ்சா, நாளையில இருந்து இந்த வராண்டாவுல எனக்கு ஒரு பேர் நிக்கும். விதை மாத்தினவ.

நாத்தனார்: யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க.

அண்ணி: கேண்டீன்ல சொல்ல ஆரம்பிச்சாச்சு. உனக்கு முன்னாடி சொல்ல மாட்டாங்க. என் நாத்தனார்னு உன்மேல அவ்வளவு மரியாதை.

உலைக்காரர்: அம்மா, நடுவுல பேசுறேன்னு நினைக்காதீங்க. உலையைப் பத்த வெச்சிட்டு வந்திருக்கேன். சூடு ஏறிடுச்சுன்னா அதுக்கு ஏதாச்சும் போட்டாகணும்.

அண்ணி: பழைய மூங்கில் குச்சி ரெண்டு கட்டு வராண்டாவுல கிடக்கு. அதைப் போடுங்க.

நாத்தனார்: அண்ணி, விளையாடாதீங்க.

அண்ணி: நான் விளையாடல. என் பொண்ணைப் பாரு. நெத்தி, மூக்கு, தூங்கும்போது வாயைத் திறந்து வெச்சுக்கிறது... அத்தனையும் உங்க வீட்டு ஜாடை. என் ஜாடை மருந்துக்கும் இல்ல. அதுக்காக நான் பெறலன்னு ரிப்போர்ட் எழுதிடுவியா?

நாத்தனார்: பிடிவாதம் உங்களுதுதான். அதுல சந்தேகமே இல்ல.

அண்ணி: ஆங். அந்தப் பிடிவாதத்தை எந்த ஜெல்லுல பார்த்த?

நாத்தனார்: ஜாடை வேற, இது வேற அண்ணி...

அண்ணி: சரி, ஜாடையை விடு. இந்தப் பக்கம் சின்னத் தட்டு இருக்கே. மூணே மூணு செடி. அதைப் பத்தி என்ன எழுதின?

நாத்தனார்: அது தலைகீழ்க் கலப்பு. அதுல கடுகு அம்மா, கோஸ் அப்பா. அதுலயும் கடுகுக் கோடு மட்டும்தான். அதாவது அம்மா மட்டும். கோஸ் மகரந்தம் ஒட்டல, கடுகு தன்னோட மகரந்தத்துலயே காய்ச்சிடுச்சுன்னு எழுதினேன்.

அண்ணி: பெரிய தட்டுல அம்மா இல்ல. அதனால விதை மாறிடுச்சு. சின்னத் தட்டுல அப்பா இல்ல. அதனால மகரந்தம் ஒட்டல. ஒரே ஆள் செஞ்ச ஒரே வேலையில, தட்டுக்கு ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்க. கெட்டிக்காரிதான்.

நாத்தனார்: ரெண்டும் நடக்கக் கூடியதுதானே.

அண்ணி: நடக்கலாம். ஆனா அம்மா, அப்பாவை மறந்துட்டுப் பாரு. ரெண்டு தட்டுலயும் யார் தெரியுறது?

நாத்தனார்: கடுகு.

அண்ணி: ரெண்டு தட்டுலயும் காணாமப் போனது?

நாத்தனார்: கோஸ்... 

அண்ணி: அம்மாவா வந்தாலும் கோஸைக் காணோம். அப்பாவா வந்தாலும் கோஸைக் காணோம். என் கை ரெண்டு தடவையும் பார்த்துப் பார்த்துக் கோஸுக்கு மட்டும் துரோகம் பண்ணுமா?

உலைக்காரர்: அட... இது கேக்க வேண்டிய கேள்விதான்.

நாத்தனார்: நீங்க சும்மா இருங்கண்ணே.

உலைக்காரர்: சும்மாதாம்மா இருக்கேன். வண்டியைப் பிடிச்சுக்கிட்டு.

நாத்தனார்: அண்ணி, நீங்க என்னதான் சொல்ல வர்றீங்க? கோஸ் உள்ள இருக்கு, ஆனா என் கண்ணுக்குத் தெரியலன்னா?

அண்ணி: உன் கண்ணுல கோளாறு இல்ல. நீ எதை எண்ணுறேங்கிறதுல கோளாறு. ஜெல்லுல ஏத்துறது என்ன?

நாத்தனார்: ரைபோசோம் ஆர்.என்.ஏ. எப்பவும் அதைத்தானே பார்க்கிறோம். செல்லுக்குள்ள அதுதான் கொட்டிக் கிடக்கும். துளி இலை போதும், மத்தியானத்துக்குள்ள பதில் வந்துடும்.

உலைக்காரர்: அது என்னம்மா, ரை... ரைபோ...

அண்ணி: புரதம் செய்யுற பட்டறைண்ணே. செடியோட ஒவ்வொரு செல்லுலயும் லட்சக்கணக்குல இருக்கும். அந்தப் பட்டறையைக் கட்ட ஒரு வரைபடம் வேணும். அந்த வரைபடம்தான் ஜீன். வரைபடத்தை விரிச்சு வெச்சு வேலை நடந்தாத்தான் ஆர்.என்.ஏ. வரும். இவ எண்ணுறது அந்த வேலையை. வரைபடத்தை இல்ல.

நாத்தனார்: வரைபடம் இருந்தா வேலை நடக்கணும்ல?

அண்ணி: அங்கதான் இருக்கு சங்கதி. கோஸும் அந்த ஒரே வரைபடத்தை ஆயிரக்கணக்குல நகல் எடுத்துக் கொண்டு வந்திருக்கு, கடுகும் கொண்டு வந்திருக்கு. கலப்புச் செடிக்கு அத்தனையும் தேவையில்ல. ஒரு பக்கத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு, இன்னொரு பக்கத்தைச் சுருட்டி முத்திரை போட்டு வெச்சிடும். கிழிக்காது, தூக்கி எறியாது. அப்படியே பெட்டிக்குள்ள கிடக்கும்.

உலைக்காரர்: இவ்வளவுதானா? எங்க உலையிலயும் ரெண்டு பர்னர் இருக்கும்மா. ஒண்ணு போதும்னா இன்னொண்ணை அணைச்சு வெச்சிடுவோம். வெளியில இருந்து பார்த்தா ஒரு தீதான் தெரியும். அதுக்காக ரெண்டாவது பர்னரே இல்லன்னா, அதைத் தினமும் துடைக்கிற நான் என்ன பைத்தியமா?

அண்ணி: கேட்டியா? பேசுறவங்க தலையை மட்டும் எண்ணிட்டு, பேசாதவங்க வீட்டுலயே இல்லன்னு எழுதிட்ட. நாலு நாளா நானும் பேசல. உங்க அண்ணன் என்னைக் காணோம்னா போலீசுக்குப் போனாரு?

நாத்தனார்: ஆனா... ஆனா இந்தப் பரிசோதனை இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பினதில்ல அண்ணி. ஆறு வருஷம். நானூறு கலப்பு பார்த்திருக்கேன்.

அண்ணி: நானூறும் எது கூட எது?

நாத்தனார்: கோஸ் ரகம் கூட இன்னொரு கோஸ் ரகம்...

அண்ணி: பங்காளிக்குள்ள பங்காளி. அங்க யாரும் யாரையும் அடக்கல, ரெண்டு கோடும் வந்துச்சு. வேற வேற ஜாதிச் செடியைச் சேர்த்தது இதுதான் முதல் தடவை. அங்க பொருந்தின அளவுகோலை எடுத்துக்கிட்டு வந்து இதை அளந்துட்ட.

நாத்தனார்: இதெல்லாம் நீங்களா யோசிச்சதா?

அண்ணி: கை வேலை செய்யுறவளுக்கு யோசனை வராதா?

நாத்தனார்: அப்படிக் கேக்கல. ரிப்போர்ட் போன அன்னிக்கே ஏன் சொல்லல?

அண்ணி: அன்னிக்கு எனக்கு ஆத்திரம் மட்டும்தான் வந்துச்சு. நேத்துதான் நூலகத்துல போய் உக்காந்தேன். இந்தா, பழைய ஆராய்ச்சி இதழ்ல இருந்து எடுத்த நகல். இந்தச் சங்கதிக்கு ஒரு பேரே வெச்சிருக்காங்க. கடுகும் கோஸும் சேர்ந்தா கடுகுதான் எப்பவும் மேல் கை. இலையில பார்த்தா கோஸ் மூச்சு விடாது. அச்சு அசலா நம்ம தட்டு.

நாத்தனார்: கொடுங்க... ம்... 'எந்தச் செடி தாய் என்பது இதைத் தீர்மானிப்பதில்லை'... ம்... ஒரு நிமிஷம். போன் அடிக்குது.

அண்ணி: எடு. அவங்கதான்.

நாத்தனார்: சொல்லுங்க மேடம்... ஆமா, வண்டி வந்துடுச்சு... இல்ல, இன்னும் ஏத்தல... தக்காளிக் குழுவைக் காக்கச் சொல்லுங்க மேடம், ஒரு பதினஞ்சு நிமிஷம்... இல்ல இல்ல, பிரச்சினை ஒண்ணும் இல்ல... சரி மேடம்.

அண்ணி: பதினஞ்சு நிமிஷமா? எரிக்கணும்னு முடிவு பண்ணினவ அஞ்சு நிமிஷம்தான் கேட்டிருப்பா.

நாத்தனார்: ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. இந்தத் தாளை வெச்சுக்கிட்டு என்னால எதையும் நிறுத்த முடியாது. எங்கயோ எவரோ செஞ்சது. நம்ம தட்டுல அதுதான் நடந்துதுன்னு என்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?

அண்ணி: டி.என்.ஏ.வைப் பாரு. பெட்டியைத் திறந்து வரைபடம் இருக்கா இல்லையான்னு நேரா பார்த்துடலாம்ல.

நாத்தனார்: பார்க்கலாம். அதுக்கு வேண்டிய மருந்தே நாளைக்குக் காலையிலதான் வரும். இங்க பத்தரைக்கு உலை.

அண்ணி: அப்ப ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கு. கையெழுத்துப் போட்டவ வாபஸ் வாங்கினா எரிக்க முடியாது. அதுவும் விதியில இருக்கு. படிச்சிட்டுத்தான் வந்தேன்.

நாத்தனார்: வாங்கிட்டு என்ன காரணம் சொல்ல? 'எங்க அண்ணி நூலகத்துக்குப் போனாங்க'ன்னா? நினைச்சுப் பாருங்க அண்ணி. நீங்க வேற யாரோவா இருந்தா எப்பவோ வாங்கியிருப்பேன். வீட்டு ஆளுக்காக வளைஞ்சுட்டான்னு ஒருத்தர் சொன்னாப் போதும். அப்புறம் நான் எழுதுற எந்த ரிப்போர்ட்டுக்கும் மதிப்பு இருக்காது.

அண்ணி: அதனால வீட்டு ஆளை ரெண்டு அடி கூடவே அடிச்சிட்ட.

உலைக்காரர்: அம்மா, பத்து மணி பத்தாச்சு. நான் அவசரப்படுத்தல... உலைதான் அவசரப்படுத்துது.

நாத்தனார்: இந்த நகல் ரெண்டாவது பக்கத்தோட நிக்குதே. பாதி வாக்கியத்துல... 'இலைகளில் உறங்கும் இந்த ஜீன்கள் ஆனால்'... ஆனால் என்ன? மூணாவது பக்கம் எங்க?

அண்ணி: நகல் மெஷின்ல தாள் தீர்ந்துடுச்சு.

நாத்தனார்: நூலகத்துல தாளா தீர்ந்துடுச்சு?

அண்ணி: தீராதா என்ன?

உலைக்காரர்: அம்மா... உங்க கோட்டுப் பையில ஒண்ணு எட்டிப் பார்க்குதே, அது அந்தத் தாளா பாருங்க.

அண்ணி: உங்களுக்கு வண்டியைப் பிடிக்கிறதைத் தவிர வேற வேலையே இல்லையாண்ணே?

நாத்தனார்: கொடுங்க அண்ணி.

அண்ணி: அதுல ஒண்ணும் இல்ல.

நாத்தனார்: ஒண்ணும் இல்லாததை ஏன் மடிச்சு ஒளிச்சு வெச்சீங்க? கொடுங்க... ம்... 'இலைகளில் உறங்கும் இந்த ஜீன்கள் ஆனால் பூ மொட்டுகளில் விழித்துக்கொள்கின்றன. மொட்டின் எல்லாப் பகுதிகளிலும் இரு பெற்றோரின் ஆர்.என்.ஏ.வும் காணப்பட்டது.' அண்ணி, என்ன இது... இதுதானே நமக்கு வேணும். இதை ஏன் மறைச்சீங்க?

அண்ணி: மறைக்கல.

நாத்தனார்: மொட்டுல பார்த்தா ரெண்டு கோடும் வரும்னு போட்டிருக்கு. டி.என்.ஏ.கூட வேணாம், மொட்டு ஒண்ணு கிடைச்சாப் போதும்.

அண்ணி: எங்க இருக்கு மொட்டு? தட்டைப் பாரு. பூக்க இன்னும் மூணு வாரம் ஆகும். இல்லாத மொட்டைப் பத்திப் பேசி என்ன ஆகப் போகுது? அந்தப் பக்கத்தை விடு.

நாத்தனார்: இவ்வளவு நேரம் ஒரு இம்மிகூட விட்டுக் கொடுக்காம பேசினீங்க. மொட்டுன்னதும் குரல் இறங்கிடுச்சே.

அண்ணி: இறங்கல.

நாத்தனார்: இறங்கிடுச்சு. உங்ககூட எட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். மூணாவது பக்கத்தை நீங்களே நம்பல. அதானே?

அண்ணி: ரெண்டு பக்கத்தை நம்புறேன். என் கையை நம்புறேன். இதுங்க கலப்புதான், அதை எவ கேட்டாலும் சொல்லுவேன். மூணாவது பக்கம்... எல்லாத் தட்டுக்கும் பொருந்தணும்னு இல்ல.

நாத்தனார்: பொருந்தலன்னு எதை வெச்சுச் சொல்றீங்க? மொட்டே இல்லாம?

அண்ணி: கேள்வி கேக்க வேண்டியது நான். ஆபீசரம்மா, பத்தேகாலாச்சு.

உலைக்காரர்: பதினாறு.

நாத்தனார்: அண்ணி... நான் ஒண்ணு கேக்கட்டுமா. செடிக்கு ஒண்ணா பரிசோதனைக்கு நீங்க கொடுத்த நாப்பத்தொரு குழாயிலயும் இருந்தது ஒரே மாதிரி இலைத் தூள்தானே? வேற எதுவும் கலக்கலையே?

அண்ணி: மூணாவது இலையைக் கிள்ளி, உறைய வெச்சு, பொடிச்சுக் குழாயில போடணும். விதி அதானே.

நாத்தனார்: விதி தெரியும். நீங்க செஞ்சது?

அண்ணி: இப்ப எதுக்கு இது? நாப்பத்தொண்ணும் கடுகு, ஒண்ணுகூட விதிவிலக்கு இல்லன்னு நீதானே எழுதின? கொட்டை எழுத்துல. அதைப் படிச்ச பிறகுதான் எனக்கே...

நாத்தனார்: உங்களுக்கே?

அண்ணி: ஒண்ணும் இல்ல.

நாத்தனார்: அண்ணே, நீங்க கொஞ்சம் வராண்டாவுல நிக்கிறீங்களா?

உலைக்காரர்: நிக்கலாம்மா. ஆனா வண்டிச் சக்கரம் இந்த வாசல்படியில மாட்டிக்கிச்சு. நான் வேணா காதைப் பொத்திக்கிறேன்.

நாத்தனார்: பரவால்ல, கேட்டா கேட்டுக்குங்க. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு ஊருக்கே தெரியப் போகுது. அண்ணி, நான் எழுதினது பொய்.

அண்ணி: என்னது?

நாத்தனார்: முழுசாப் பொய் இல்ல. நாப்பது குழாயில கடுகு மட்டும்தான். சத்தியமா. ஆனா ஒண்ணே ஒண்ணுல... ரெண்டு கோடும் வந்துச்சு. மேல கோஸ், கீழ கடுகு. மங்கலா கூட இல்ல. தெளிவா. திரும்ப ஓட்டினேன். திரும்பவும் ரெண்டு கோடு. நாப்பதுல இல்லாதது ஒண்ணுல மட்டும் எப்படி வரும்? ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துல வெச்ச கோஸ் குழாயில இருந்து தூள் சிந்தியிருக்கும், அழுக்குன்னு நினைச்சேன். அதை எழுதினா, 'அண்ணிக்காக ஒரு செடியையாச்சும் காப்பாத்தப் பார்த்தா'ன்னு பேசுவாங்கன்னு தோணுச்சு. அதனால... அந்த ஒண்ணை எடுத்துட்டு, நாப்பத்தொண்ணும் ஒரே மாதிரின்னு எழுதிட்டேன்.

அண்ணி: எந்தக் குழாய்?

நாத்தனார்: திட்டுங்க அண்ணி. நாலு நாளா உங்க முகத்தைப் பார்க்க முடியாமத்தான் உப்பைக்கூட...

அண்ணி: எந்தக் குழாய்னு கேட்டேன்.

நாத்தனார்: இருபத்தொன்பது.

அண்ணி: இன்னொரு தடவை சொல்லு.

நாத்தனார்: இருபத்தொன்பதாம் நம்பர். பெரிய தட்டு.

உலைக்காரர்: என்னம்மா ஆச்சு... தரையில உக்காந்துட்டீங்க. தண்ணி கொண்டு வரவா?

நாத்தனார்: அண்ணி... அழுறீங்களா? ஏன்... சிரிக்கிறீங்களா? சொல்லிட்டுச் சிரிங்களேன்.

அண்ணி: போனை எடுத்து டைரக்டரைக் கூப்பிடு, ரெண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்குவோம்... இலை கிள்ள வேண்டிய அன்னிக்கு இருபத்தொன்பதாம் செடியில புழு ஒரு இலை விடாம தின்னுட்டுது, விஷயம் தெரிஞ்சா அறையையே மூடிடுவன்னு பயந்து, அதுல மட்டும் அவசரப்பட்டு வந்திருந்த பூ மொட்டைக் கொத்தோட கிள்ளிப் பொடிச்சு, இலைன்னு சீட்டு ஒட்டி உன்கிட்ட கொடுத்தேன்டி.